யூரியா மூட்டை

கனமான மூட்டையை டிரைவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடம் கிடைத்த மூலையில் போய் நிற்பதுதான் எங்கள் பக்கத்து பஸ் வழக்கம். இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம், யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து மாதம்கூட ஆகவில்லை. அப்போதும் யூஜினா அப்படித்தான் செய்தாள். பழகின கை யோசனை கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது?

மூட்டையில் இருந்தது யூரியா. அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் உரம் போடுகிற நாளில் ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சும். அது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்துசேர்வதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. லிந்துலையில் லீக்ஸ் பயிர் போட்டிருந்த அக்காவுக்காக அதை எடுத்துப்போனாள். பஸ்ஸில் ஏற்ற முடியாமல் திணறியபோது முன் சீட்டிலிருந்த ஹில்மி நானாதான் ஒரு கை கொடுத்தார். லயம் லயமாகத் துணி விற்க வருகிற மனிதர், எல்லோருக்கும் தெரிந்தவர், அண்ணன் முறையில் 'நானா'. ஆனாலும் குண்டு வைத்தவர்களும் முஸ்லிம்கள், அவரும் முஸ்லிம் என்பதால் அன்று அவர் பக்கத்துச் சீட்டு காலியாகவே கிடந்தது. கால் வலிக்க நின்றாலும் யாரும் அங்கே உட்காரவில்லை. யூஜினாவும்தான்.

தலவாக்கலை தாண்டியதும் ஆமி பஸ்ஸை மறித்தது. ஏறிய சிப்பாய் மூட்டை வாயைப் பிரித்தான். வெள்ளைக் குருணையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான்.

"மே கோணிய காகெத?" யாருடைய மூட்டை என்று கேட்டான்.

உரத்திலும் குண்டு செய்யலாமென்று டிவியில் சொன்னது யூஜினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே அண்ணன் அன்டனின் நினைவு வந்தது. சண்டைக் காலத்தில் இப்படி ஒரு பஸ்ஸிலிருந்துதான் அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள். பையில் டார்ச் பேட்டரி இருந்தது, அவ்வளவுதான் குற்றம். திரும்பி வந்தவன், யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். வாயைத் திறந்தால் தன் பிள்ளைகளை இனிப் பார்க்க முடியாது என்றே நம்பினாள். திறக்கவில்லை.

சிப்பாய் நானாவிடம் கேட்டான். அவர் திரும்பி யூஜினாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, தெரியாது என்று சிங்களத்தில் சொன்னார். அடையாள அட்டையில் அவர் பெயரைப் படித்தவன் சட்டையைப் பிடித்து இறக்கி, ரோட்டோரத்துச் சேற்றில் முழங்கால் போட வைத்தான்.

"பாத்தீங்களா, நம்ம பஸ்ஸுலயே வந்துட்டான்," என்றாள் யூஜினாவுக்குப் பக்கத்தில் நின்ற ஜீவராணி. "நல்லவேளை, புடிச்சிட்டாங்க."

அந்த நல்லவேளையை யூஜினாவால் தாங்க முடியவில்லை. ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கினாள். மூட்டை தன்னுடையது, வெறும் உரம், நானாவுக்கு எதுவும் தெரியாது என்று வந்த சிங்களத்தில், கீழே நின்ற ஆமி அதிகாரியிடம் கொட்டினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இதை யார் பஸ்ஸில் ஏற்றியது?"

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள் பாவி. நானா ஒரு கை கொடுத்தார் என்றாள்.

அதிகாரியின் முகம் மாறியது. தூக்கி வைத்தவன் ஏன் தெரியாது என்றான்? இவளைக் காப்பாற்ற அவனுக்கு என்ன அவசியம்? இரண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம்? ஒவ்வொரு கேள்வியும் நானாவைப் பார்த்தே வந்தது. அவர் சொன்ன எந்தப் பதிலும் அதற்குப் பிறகு எடுபடவில்லை.

பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். அது போயிற்று. யூஜினாவையும் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"நான் பேசாமயே இருந்திருக்கணுமா நானா?" என்று அழுதாள்.

அவர் கையில் ஒட்டிய சேற்றைச் சட்டையில் துடைத்தார்.

"முதல்லயே பேசியிருக்கணும் தங்கச்சி," என்றார்.

ஆமி டிரக் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. ஏறச் சொன்னார்கள்.