காத்திருக்கக் கற்ற பக்கம்

லெஸ்கோவாக் ஊரில், பன்னிரண்டே வாரத்தில், ஒரு கையால் குடைமிளகாய் சுட்டபடி மறு கையால் கணினிக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தவள் வூகோசவா. அதற்கு முன் அந்த ஊரில் மாமியார்களுக்கே யாரும் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

வயது நாற்பத்தெட்டு. சட்டை ஆலையில் அவள் தைத்த காலர்களை வரிசையாக வைத்தால் கிரீஸ் எல்லைவரை போகும், திரும்பியும் வரும். ஆலையை மூடியதும் வலைத்தளம் உருவாக்கும் அதிவேகப் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் வாரம் கற்றது இரண்டாம் வாரத்தில் பழசாகிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரே ஒரு பொத்தானைத் திரையின் நடுவில் நிறுத்த ஆறு நாள் பிடித்தது. ஆலையில் ஆறு நாளில் நாலாயிரம் பொத்தான் வைப்பாள், ஒன்றும் நகராது.

பன்னிரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அவள் உருவாக்கிய வலைப்பக்கம் ஓட வேண்டும். ஓடினால் உள்ளூர் கம்பெனியில் வேலை. ஓடாவிட்டால் சனிக்கிழமை வியன்னாவுக்குப் போய், தங்கை ஸ்தானாவோடு யாரோ வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்ட வேண்டும். சனிக்கிழமைதான் என்று முடிவுகட்டிய கணவன் ராதோயே, பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டான்.

வியாழன் மதியம்வரை பக்கம் ஓடவில்லை. தெருவில் எந்த வீட்டில் எத்தனை ஜாடி ஐவார் என்ற குடைமிளகாய்த் தொக்கு விற்பனைக்கு இருக்கிறது என்ற பட்டியல் வரவேண்டும். தலைப்பு வந்தது, கட்டம் வந்தது, உள்ளே வெறுமை. தப்பு எங்கே என்று கணினி வாயே திறக்கவில்லை.

ஆசிரியன் ஓக்ன்யெனுக்குப் போன் போட்டாள். இருபத்தாறு வயதுப் பையன். தன்னிடம் கேட்கும் முன் ரப்பர் வாத்திடம் வரிவரியாக விளக்க வேண்டும் என்று ஆளுக்கொரு மஞ்சள் வாத்து கொடுத்திருந்தான்.

"வாத்துகிட்ட சொன்னீங்களா, அத்தை?"

"பதில் பேசாத ஜென்மத்தோட இருபத்துநாலு வருஷமா குடும்பம் நடத்துறேன் தம்பி. இன்னொண்ணு எதுக்கு?"

"அப்போ அவர்கிட்டயாவது சொல்லுங்க."

முற்றத்தில் நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய், மேசையில் அறுபது காலி ஜாடி. வூகோசவா அடுப்பில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே, பின்னால் மேசையருகே நின்ற ராதோயேவிடம் ஆரம்பித்தாள்.

"இந்த வரியில சர்வர்கிட்ட பட்டியல் கேக்குறேன். அது எடுத்துட்டு வரும். அடுத்த வரியில அதைக் கட்டத்துல போடுறேன்."

"ம்."

"கேக்குறியா?"

"ம்."

திரும்பினாள். கால்பந்து ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று ராதோயே அறுபது ஜாடிக்கும் மூடியைத் திருகி, பெயர்ச்சீட்டு ஒட்டி, அடுக்கியும் வைத்திருந்தான்.

"என்ன மனுஷா பண்ணியிருக்க?"

"என் வேலையை முடிச்சுட்டேன், வூகா."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அது உன் வேலை."

"மிளகா இன்னும் அடுப்புல கிடக்கு. உரிச்சு, அரைச்சு, கிண்டி இறக்கி வர்றதுக்குள்ள மூடி போட்டா ஜாடி காலியாத்தானே..."

அத்தோடு நின்றுவிட்டாள். பதினோரு மிளகாய் கரிந்தது. அந்தப் புகையில் பக்கத்து நாட்டில் தும்மினார்கள். அவள் கணினியிடம் போய், பட்டியல் வரும்வரை கட்டத்தை மூடாதே என்று ஒரு வரி சேர்த்தாள்.

"கம்ப்யூட்டர் நிக்குமாக்கும்," என்றான் ராதோயே. "இந்த ஊர்ல பஸ்ஸே நிக்காது."

வெள்ளிக்கிழமை அவனும் வகுப்பின் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தான். திரையில் தலைப்பு வந்தது. கட்டம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு விநாடியில் முன்வரிசைக்காரர் ஒருவருக்குத் தாடி வளர்ந்தது. அப்புறம் முப்பத்தோரு வீடுகளும் ஜாடிக் கணக்கோடு மளமளவென்று இறங்கின. ஓக்ன்யென் மூன்று தடவை திறந்து பார்த்தான். மூன்று தடவையும் வந்தது. கம்பெனிப் பெண்மணி, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டாள்.

வாசலில் ராதோயேவின் போன் அடித்தது. ஸ்தானா.

"மாமா, அக்கா நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவா?"

"வரல."

"அவ பக்கம் ஜென்மத்துக்கும் ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." போனை மறு காதுக்கு மாற்றினான். "நின்னுச்சு, ஸ்தானா. சரக்கு வர்ற வரைக்கும் நின்னுச்சு. நானே பார்த்தேன். நடந்தது நிஜம்தான்."