ஒரு நாள் முந்திய மவுத்து

சேக் இஸ்மாயில் ராவுத்தர் இறந்துவிட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டு, கையில் அடக்கச் சீட்டோடு மீரான் மாமா வீட்டுக்குள் நுழைந்தபோது, ராவுத்தர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மகள் சாதிகா கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

"எத்தன மணிக்கு மவுத்தானேன் மாப்ள?" என்றார் ராவுத்தர்.

"இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மச்சான். நாளைக்கு எட்டு மணிக்கு மேல அடக்கம் பண்ணிக்கிறலாம்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாக."

"எட்டு மணியா? நல்லது. கடை தெறக்குற நேரம்."

தெற்கு மாசி வீதியில் நாற்பது வருஷமாகப் பூட்டுக் கடை வைத்திருந்தவர் அவர். எட்டு மணி என்றால் எட்டு மணிக்குத் திறந்துவிடுவார்.

வந்தவாசிச் சண்டையில் இங்கிலீஷ்காரனை அடித்து நொறுக்கிப் பிரெஞ்சுக்காரன் இந்தச் சீமையைப் பிடித்து நூற்றெழுபது வருஷம் ஆகியிருந்தது. தோற்றவனுக்குப் புதுச்சேரி என்று ஒரு சின்னத் துறைமுகம் மட்டும் மிச்சம். ஜெயித்தவனுக்கோ பதிவேடு என்றால் உயிர். பிறந்தாலும் செத்தாலும் மேரி என்கிற நகர அலுவலகத்தில் போய் எழுத வேண்டும். செத்து இருபத்துநாலு மணி நேரம் கழியாமல் யாரையும் மண்ணுக்குள் வைக்கக் கூடாது என்று பாரீசில் உட்கார்ந்து சட்டம் போட்டிருந்தான். பாரீசுக் குளிருக்கு அது சரியாக இருக்கலாம். மதுரையின் சித்திரை வெயிலைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்து பழகிய பள்ளிவாசல் தெருக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஹக்கீம் கையை விரித்ததும் வீட்டு ஆள் ஒருவர் மேரிக்குப் போய், ஆள் போய்விட்டதாக ஒரு நாள் முன்கூட்டியே எழுதிவிடுவார். குமாஸ்தாவுக்கும் இது தெரியும். தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மனைவி அமீருன்னிசா இறந்தபோது ராவுத்தர் அப்படிச் செய்யவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்த வெக்கையில் அவளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அதனால்தான், இன்னும் ஒரு நாள் தாங்கினாலே பெரிது என்று நேற்று ஹக்கீம் சொன்னதும், "எனக்கு முன்னாடியே எழுதிருங்க மாப்ள" என்று மச்சினனிடம் அவரே சொன்னார்.

மீரான் மாமா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னொரு சங்கதி மச்சான். மேரியில ஒரு சிவப்புத் தொப்பிப் போலீசு நின்னான். இஸ்மாயில் ராவுத்தர்னா சுலைமானோட அத்தாதானேன்னு கேட்டான். அடக்கத்துக்கு ரெண்டு பேரு வந்து நிப்போம்னான்."

சாதிகா கிண்ணத்தைச் சட்டென்று கட்டிலில் வைத்தாள். கஞ்சி போர்வையில் சிந்தியது.

சுலைமான் அவளுடைய அண்ணன். பிரெஞ்சுக்காரன் வெளியேற வேண்டும் என்று எழுதியதற்காக அவன் பேரில் வாரண்டு இருந்தது. மூன்று வருஷமாக இங்கிலீஷ்காரனின் புதுச்சேரியில் இருந்துகொண்டு பத்திரிகை அச்சடித்தான். பிரெஞ்சுப் போலீசு அந்த எல்லைக்குள் கால் வைக்க முடியாது. அவனும் வெளியே வர முடியாது.

"அத்தா, நான் தந்தி குடுத்துட்டேன்" என்றாள் சாதிகா. "மாமா மேரிக்குக் கெளம்புனதுமே சோணையண்ணன்கிட்டச் சொல்லி விட்டேன். அத்தா மவுத்து, நாளைக் காலையில அடக்கம்னு. நெசமா ஆனப்பறம் சொன்னா அண்ணன் வந்து சேர முடியாதேன்னு..."

அண்ணன் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. செத்தவர்கள் பட்டியலைப் போலீசும் படிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தன் கையாலேயே அவனைப் பிடித்துக்கொடுத்துவிட்டதாக அவள் மனசு அடித்துக்கொண்டது.

"இன்னொரு தந்தி குடுத்து வரவேணாம்னு சொன்னா?" என்றார் மாமா.

"நான் உசுரோட இருக்கேன்னா? அதப் போலீசு படிச்சிட்டுத்தான் அனுப்புவான். அதுக்குள்ள இவன் ரயிலேறியிருப்பான்." ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று சாதிகா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "சோணையைக் கூப்பிடு" என்றார்.

சோணை கடையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. கட்டில் ஓரமாக வந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சோணை, அவன் மதுரையில எறங்க மாட்டான். படிக்கயிலேயே டிக்கெட் எடுக்காம சோழவந்தான்ல குதிச்சு நடந்து வந்த பய. வண்டியப் பூட்டிக்கிட்டு அங்க போ. ரயில் வந்ததும் அப்படியே திருப்பி அனுப்பிரு."

"சரிங்க ராவுத்தரே."

அன்று முழுக்க வீட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த தெருக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். வாசலோடு நின்று, "எப்படி இருக்காக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே ராவுத்தர் தூங்கினார், விழித்தார், தண்ணீர் கேட்டார். கடைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் விடியலில் பஜ்ரு தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கொல்லைக் கதவு லேசாகத் தட்டப்பட்டது. சாதிகா திறந்தாள். வைக்கோல் வண்டி நின்றது. சோணை இறங்கினார். பின்னாலேயே தலையில் முண்டாசு கட்டிய ஒருவன் இறங்கினான். அந்த நடையை அவளுக்குத் தெரியாதா?

"திருப்பித்தான் அனுப்புனேன் தாயி" என்றார் சோணை, குற்றவாளி மாதிரி. "அத்தா உசுரோடதான் இருக்காகன்னு வாய் தவறிச் சொல்லிப்புட்டேன். அதுக்கப்பறம் நிக்க மாட்டேன்னுட்டாரு."

சுலைமான் தங்கச்சியின் தலையில் கை வைத்தான். பிறகு உள்ளே போய்க் கட்டிலின் கீழே உட்கார்ந்தான். சாதிகாவுக்குப் பயம் ஒரு பக்கம். அந்தப் பயத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது.

ராவுத்தர் அவனை வெகுநேரம் பார்த்தார். "மவுத்தாகி ஒரு நாளாச்சு. இப்பத்தான் வாரியா?"

சுலைமான் சிரித்துவிட்டு அழுதான்.

"இங்கிலீஷ்காரன் சோறு போடுறானா?"

"அவுக நல்லவுகத்தா. எழுதுறவன் மேல கை வைக்க மாட்டாக. சுதந்திரம்னா என்னன்னு தெரிஞ்சவுக."

"அவன்கிட்ட நாடு இல்ல, அதான் நல்லவனா இருக்கான்" என்றார் ராவுத்தர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "வந்தவாசியில அவன் ஜெயிச்சிருந்தா, இந்த மேரிய அவன் கட்டியிருப்பான். நீ இந்நேரம் பிரெஞ்சுக்காரன்கிட்டப் போயி, நல்லவன் நல்லவன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருப்ப."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டிருப்பார்கள்.

"கெளம்பு. வெளிச்சம் வரப்போகுது."

"உங்களத் தூக்காம நான் போக மாட்டேன். மொத மண்ணு நான்தான் போடணும்."

கபரில் இறக்கிய பிறகு, வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். மகன் இருந்தால் அவனுடையதுதான் முதலில். ராவுத்தர் விரலை நீட்டி முற்றத்தைக் காட்டினார். அமீருன்னிசா வைத்த மருதாணிச் செடி அங்கே இருந்தது.

"மூணு பிடிதானே? அங்க அள்ளி என் கையில குடு. மாமா போடுவாரு. நான்தான் நேத்தே செத்துட்டேன்ல, நீ ஒண்ணும் முந்திப் போடல."

சுலைமான் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அத்தாவின் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆயுசில் அந்த மனுஷர் யாரையும் கெஞ்சி சாதிகா பார்த்ததில்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணனும் எழுந்திருக்க வேண்டும். முற்றத்தில் குனிந்து விரலால் பறித்து மூன்று பிடி அள்ளினான். முண்டாசுத் துணியில் ஒரு துண்டு கிழித்து மண்ணை முடிந்து, அத்தாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அந்தக் கையை முத்தமிட்டான்.

"உசிலம்பட்டிப் பக்கம் எங்க அக்கா வீட்டுல ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புறேன் தாயி" என்று சோணை அவளிடம் சொன்னார். வண்டி கிளம்பியது. ராவுத்தர் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது அடங்கிய பிறகுதான் தலையைத் தலையணையில் நன்றாகச் சாய்த்தார்.

ஏழரை மணிக்கு இரண்டு சிவப்புத் தொப்பிகள் வந்து வாசலில் நின்றார்கள். தெரு ஆண்களும் கூடிவிட்டார்கள். "குளிப்பாட்டப் போறாக, பொம்பளைக உள்ள இருக்காக" என்று மீரான் மாமா கதவை ஒருக்களித்துச் சாத்தினார். உள்ளே ராவுத்தருக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. சாதிகா அவர் காதோரமாகக் கலிமா சொல்லிக்கொண்டே ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். இரண்டாவது ஸ்பூன் உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்தது.

மீரான் மாமா குனிந்து பார்த்தார். கடிகாரத்தை எடுத்தார். எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

சாதிகாவின் தொண்டையில் "அத்தா" என்று ஒரு கூப்பாடு எழும்பியது. மாமா சட்டென்று கையை உயர்த்தினார். நேற்றுக் காலை எட்டு மணிக்கு இறந்தவருக்கு இன்றைக்கு ஒருத்தி புதிதாக அலறக் கூடாது. வாசலில் நிற்பவர்களுக்குக் காது இருக்கிறது. சந்தேகப்பட்டால் தேடுவார்கள், வண்டி இன்னும் உசிலம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, ஒன்பதரைக்குச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். சிவப்புத் தொப்பிகள் தோள் கொடுத்த ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்கள். மீரான் மாமாவின் சட்டைப்பையில் மண் முடிச்சு புடைத்துக்கொண்டிருந்தது.

பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதில்லை. சாதிகா முற்றத்துக்கு வந்தாள். மருதாணிச் செடியடியில் பறித்த குழி இருந்தது. அதில் அண்ணனின் விரல் தடங்கள் ஈரத்தோடு அப்படியே பதிந்திருந்தன. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குழியைக் கிளற வந்தது. அதை விரட்டினாள். அது திரும்பவும் வந்தது. அவள் உள்ளே போய்க் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவந்து, குழியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.