வேலியோரத்து ஏழு செடிகள்

அந்தத் தெருவில் எல்லாரும் அவரை 'அங்குலம்' என்றே அழைத்தனர். அவர் ஒரு தையற்காரர். கழுத்தில் அளவுநாடா தொங்காமல் அவரைக் கண்டவர் எவரும் இலர். சட்டைக்கு மட்டுமன்று, வீட்டுத் தோட்டத்திற்கும் அந்த நாடாவே சட்டம். ரோஜாவுக்கும் ரோஜாவுக்கும் இடையே பதினெட்டு அங்குலம். பாத்திக்கும் வேலிக்கும் இடையே பத்து. விடிந்ததும் தேநீர்க் குவளையோடு தோட்டத்தைச் சுற்றிவருவார். தாம் நடாத ஏதேனும் தலைகாட்டினால் அதனைப் 'பிசிறு' என்பார். உடனே பிடுங்கி எறிவார். தைத்த துணியில் நூல் பிசிறு தொங்கினால் சும்மா இராத கை, மண்ணில் மட்டும் சும்மா இருக்குமா?

"அண்ணே, உங்க தோட்டத்துப் பக்கம் வரவே பயமா இருக்கு. என்னையும் களைன்னு புடுங்கிருவீங்க போல," என்று எதிர்வீட்டு வேன் ஓட்டுநர் கேலி செய்வதுண்டு.

"குளிச்சிட்டு வா, விட்டுடறேன்," என்பார் அங்குலம்.

தைத்து முடித்த துணிகளைத் தோட்டத்துக் கொடிக்கயிற்றில் மாட்டிப் படம் எடுத்து, உரியவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்புவது அவருடைய மனைவியின் வேலை. ஒரு மழைக்காலத்துக் காலையில், கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் ரவிக்கையை அவ்வாறே படம் எடுத்து அனுப்பினார். மாலையில் ஆசிரியை அழைத்தார்.

"ஏங்க, அந்த காலேஜ் டீச்சர் நாளைக்குப் பத்து மணிக்கு வராங்களாம். ரவிக்கையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. போட்டோவுல இருக்கிற செடியப் பாக்கணுமாம். அதுவரைக்கும் யாரும் தொடாமப் பாத்துக்கச் சொன்னாங்க. சந்தோஷத்துல குரலே நடுங்குது அவங்களுக்கு!"

"ரோஜாவத்தான் சொல்லியிருப்பாங்க. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?" என்றார் அங்குலம். அன்றிரவு அவருக்குப் பெருமையில் உறக்கம் வரவில்லை.

மறுநாள் பொழுது புலருமுன்னரே வேலையைத் தொடங்கினார். ரோஜாக்களின் வாடிய இலைகளைக் கிள்ளினார். பாத்தியின் விளிம்பைச் செதுக்கினார். வேலியோரத்தில் தரையோடு ஒட்டிப் படர்ந்திருந்த ஊதாப்பூச் செடிகள் அவர் கண்ணை உறுத்தின. ஆண்டுதோறும் முதல் மழைக்குப் பின் முளைத்து, பூக்கும்வரை கண்ணில் படாதிருந்து, ஆண்டுதோறும் அவரிடம் பிடுங்குபட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் வருகின்ற பிசிறு அது. படித்த பெண்மணி ஒருவர் பார்க்க வருகையில் இது இருக்கலாகாது என்று எண்ணினார். பிடுங்கினார். வேர் மிஞ்சிவிடக் கூடாதென்று, சமையலறையிலிருந்து கொதிக்கும் நீரைக் கொணர்ந்து அவ்விடத்தில் ஊற்றினார். மேலே சரளைக்கல் பரப்பிக் கையால் தட்டிச் சமன்செய்தார். ஒன்பது மணிக்குக் குப்பைவண்டி வந்து, செடிகளைப் போட்டிருந்த வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போயிற்று.

பத்து மணிக்கு ஆசிரியை வந்தார். ரோஜாக்களைத் திரும்பியும் பாராது நேரே வேலியோரம் சென்று குந்தினார். கைப்பேசியில் இருந்த படத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணே, இங்க ஊதாப் பூவோட ஒரு செடி இருந்துச்சே?"

"அதுங்களா? அது களைங்க டீச்சரம்மா. நீங்க வரீங்கன்னுதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சேன்."

ஆசிரியை ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் அங்குலத்திற்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தனை செடி இருந்துச்சு?"

"ஏழு. ஒன்பது அங்குல இடம்."

"வெயில் ஏறினா பூ மூடிக்குமா?"

"ஆமாங்க. பதினோரு மணிக்கெல்லாம் சுருங்கிடும்."

"அதேதான்," என்றார் ஆசிரியை. "பதினோரு வருஷமாத் தேடறேன். இந்தப் பக்கத்து மண்ணத் தவிர உலகத்துல வேற எங்கயும் முளைக்காத செடி அது. கடைசியா ஏரிக்கரையில பாத்தேன். அங்க இப்ப கார் நிறுத்தறாங்க."

அங்குலம் செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டு ஓட்டுநர் தம் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு குப்பைக் கிடங்குக்கு விரைந்தார். அங்கே ஒரு பெரிய இயந்திரம் நகரத்தின் குப்பை முழுவதையும் அழுத்திக் கட்டிகளாக்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சு வண்டி கொட்டியாச்சு சாமி. இதுல எங்கன்னு தேடுவீங்க?" என்றார் அங்கிருந்த தொழிலாளி, இரக்கத்துடன்.

வெறுங்கையோடு திரும்பிய கணவரைக் கண்டதும் மனைவிக்கு ஒரு நம்பிக்கை தோன்றியது.

"வருஷா வருஷம் இவர் புடுங்கத்தான் செய்யறார், அதுவும் வரத்தான் செய்யுது. மறுபடி வராதா டீச்சர்?"

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "வரும்! அடியில சின்னக் கிழங்கு இருக்கும். அது தப்பிச்சிருந்தா கண்டிப்பா வரும்!"

அங்குலம் தலை நிமிரவில்லை. "இந்தத் தடவ கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டேன்ம்மா," என்றார்.

ஆசிரியை சரளைக்கல்லின்மேல் கையை வைத்தார்.

"விதையாவது விழுந்திருக்குமா? ஒரு வருஷமாவது காய்க்க விட்டீங்களா?"

"பூத்த மறுநாளே புடுங்கிடுவேன்."

ஆசிரியை எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "உங்கள மட்டும் சொல்லி என்ன செய்ய? கரை போச்சு, மேடு போச்சு, தெருவெல்லாம் சிமெண்டு ஆயிடுச்சு. கொஞ்சம் மண்ணு மிச்சம் இருக்கிறது தோட்டம் வச்சிருக்கிறவங்க வீட்டுலதான். இந்த மண்ணுக்குன்னே பொறந்த செடிக்கு அவங்களும் ஒரு மூலைய விடலைன்னா, அது எங்க போகும்?"

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க அண்ணே. உரம் வேண்டாம், தண்ணி வேண்டாம். கல்ல எடுத்துட்டுச் சும்மா விட்டுடுங்க. பொழைச்சா அது அதிர்ஷ்டம்."

வாழ்நாளெல்லாம் கையை ஓயவிடாத மனிதருக்கு இதனினும் கொடிய தண்டனை வேறில்லை. அவர் சரளைக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அடுத்த ஆண்டு முதல் மழை பெய்தது. அந்த ஒன்பது அங்குலத்தில் கோரை முளைத்தது. பெயர் தெரியாத இரண்டொரு புல்பூண்டுகள் முளைத்தன. ஊதாப் பூ மட்டும் வரவில்லை. நாள்தோறும் காலையில் தேநீர் ஆறிப்போகும்வரை அங்குலம் அங்கே குந்தியிருந்தார். ஆசிரியை இருமுறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றார்.

ஒருநாள் ஓட்டுநர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, உங்க தோட்டத்துலயே இவ்வளவு பிசிறா? அந்தச் செடிதான் வரலையே. நான் வேணா புடுங்கிப் போடவா?"

அங்குலம் கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. அந்தப் பூவுக்கும் அன்னிக்கு எனக்குப் பேர் தெரியாது. பேர் தெரியாத எதையும் இனிமே நான் புடுங்கறதா இல்ல. பூக்கட்டும், காய்க்கட்டும், டீச்சர்கிட்ட காட்டிக் கேட்டுக்கறேன். இந்த மூலை இப்படியே இருக்கட்டும்."