வாசலைப் பார்த்த செருப்பு

துப்பறியும் அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டடை என்று பட்டப்பெயர். எந்த மூலையிலும் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருப்பாள். வாய் மட்டும் ஓயாது. அதனால்தான் இந்த வேலையைக் கொடுக்கும்போது முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அங்க யாரும் பேசக் கூடாதாம். உனக்கு இது வேலை இல்ல, தண்டனை" என்றார்.

உதவி கேட்டு வந்தவர் பஸ் ஓட்டும் ஓர் அம்மா. நர்ஸாக இருந்த மகள் ஒரு தியானக் கூட்டத்தில் சேர்ந்தாள். அதோடு ஒரு தகவலும் இல்லை. போலீஸில் கேட்டால், மேஜரான பெண், அவள் இஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்கள். "கூட்டிட்டு வரச் சொல்லலம்மா. இஷ்டப்பட்டு இருக்காளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. ஆமான்னா நான் விட்டுடறேன்."

ஓர் அச்சகத்துக்குப் பின்னால் மூன்று மாடி வீடு, அதுதான் அந்தக் கூட்டத்தின் இடம். புருஷனோடு சண்டை என்று கதை கட்டி ஒட்டடை உள்ளே நுழைந்தாள். போனை வாங்கிக்கொண்டார்கள். பெரியக்கா என்ற தலைவி மட்டும்தான் வாய் திறக்கலாம். எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, செருப்புகூட. எல்லாம் வாசலில் குவியலாகக் கிடக்கும். காலுக்கு எது சிக்குகிறதோ அதை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும்.

கதவுக்குப் பூட்டே கிடையாது. ஆனால் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், மற்றவர்கள் அவரைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்துகொள்வார்கள். 'இருக்கேன்' என்று அவர் சொல்லும்வரை ஒருவரும் எழ மாட்டார்கள். ஒரு தச்சர் பொழுது சாயும்வரை தாக்குப்பிடித்து, கடைசியில் அழுதுகொண்டே அதைச் சொன்னார். அந்த வட்டத்தில் ஒட்டடையும் உட்கார்ந்திருந்தாள்.

தொழில் புத்தி போகுமா? தன் செருப்பை மட்டும் சுவரோரமாக, ஓடத் தோதாக, வாசலைப் பார்த்து விட்டிருந்தாள். மறுநாள் அது குவியலுக்குள் கிடந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி குவியலுக்குள். யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள்.

அன்று வாசல் கூட்டும் முறை அவளுக்கு. கூடவே துடைப்பத்தோடு வந்தவள், அம்மா காட்டிய போட்டோவில் பார்த்த அதே மகள். குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

"செருப்ப அப்படி விடாதீங்கக்கா. பெரியக்கா பார்த்தா நடுவுல உக்கார வெச்சிடுவாங்க. நான்தான் தள்ளித் தள்ளி விடறேன்."

"உங்கம்மா அனுப்பினாங்க. ஒரே கேள்வி. இஷ்டப்பட்டுத்தான் இருக்கியா?"

துடைப்பம் நின்றது. மாடிப்படியில் காலடி கேட்டதும் மறுபடி ஓடியது. "நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றுவிட்டு மகள் உள்ளே போய்விட்டாள்.

கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. மறுநாள் காலை எல்லோரும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தபோது ஒட்டடை நழுவி வாசலுக்கு வந்தாள். அவள் செருப்பு சுவரோரமாக வாசலைப் பார்த்து இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடியும் வாசலைப் பார்த்து இருந்தது. அவசரத்தில் எடுத்தது போல; இரண்டுமே இடதுகால்.

தூணுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள்.

ஒட்டடை ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் டிப்போ வரும்வரை விடவில்லை, வாயும் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுவே சாதனை.

அம்மா பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பினார். மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை காலில் போய் நின்றது.

"ரெண்டும் இடதுகால் செருப்புடி" என்றார். "இதைப் போட்டுட்டா இவ்வளவு தூரம் நடந்து வந்த? ஏறி உக்காரு."