எந்தப் பீட்டர் ரிம்மர்

ஹெட்டி இரண்டாவது கூடை இறாலை மேசையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மேகி தெருவில் ஓடுவது சன்னல் வழியாகத் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மேகியின் மேல் கோட்டு இல்லை. காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு.

ஐம்பது வயது, கனத்த உடம்பு. சும்மா ஓடுகிறவள் இல்லை. ஹெட்டி கையைத் துண்டில் துடைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய தன் கோட்டை உருவிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"அக்கா, நில்லுங்க. என்னாச்சு?"

"பையன்டீ." மேகிக்கு மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரியில கிடக்கானாம். ரொம்ப முடியலையாம், உடனே வரச் சொன்னாங்களாம். கடைக்காரரு வந்து சொல்லிட்டுப் போறாரு. விழுந்திருப்பான். கட்டட வேலைன்னு சாரத்துல ஏறாதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"அண்ணன் எங்க?"

"அவரு விடியக்காலமே குதிரை வண்டியோட இறால் அரிக்க மணலுக்குப் போயாச்சு. தண்ணி ஏறுனாத்தான் திரும்புவாரு."

பத்து மணி பஸ் முனையில் திரும்பியது. ஹெட்டி அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். பொத்தான்களையும் அவளே போட்டாள்.

"தைரியமா போங்க. எங்கப்பாவும் அங்கதானே இருக்காரு, கீழ் வார்டுல. ரெண்டு மணிக்குப் பாக்க விடுவாங்க, வருவேன். வந்ததும் உங்களைத் தேடிப் பிடிக்கிறேன்."

மேகி தலையாட்டினாளா என்பதுகூடத் தெரியவில்லை. பஸ் போய்விட்டது. ஹெட்டி நனைந்தபடி வீட்டுக்கு வந்து இறால் உரிக்க உட்கார்ந்தாள்.

தலையைப் பிடித்து, வாலைத் திருகி, ஒரு இழுப்பு. நாற்பத்து நான்கு வயதில் முப்பத்தாறு வருடம் இதையே செய்த விரல்கள். நாலு மணிக்கு இறாலை எடுத்துப்போக வேன் வந்துவிடும். அதற்குள் இரண்டு கூடையும் முடிய வேண்டும். நடுவில் ஆஸ்பத்திரிக்கும் போய் வர வேண்டும்.

அப்பா அங்கே படுத்து ஒன்பது நாள் ஆகிறது. நெஞ்சில் சளி. எழுபத்தொரு வயது நெஞ்சு, அதில் ஐம்பத்தைந்து வருடக் கடற்காற்று. தினம் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். மூன்று அடித்ததும் நர்ஸ் கைமணியை ஆட்டிக்கொண்டே வார்டு முழுக்க நடப்பாள். நேற்று அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஹெட்டி, அந்த நேரம் வந்தா நீ பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"இருப்பேன்பா. மோசமானா கடைக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கேன். பஸ் ஏறினா அரைமணி நேரம்."

"கடைக்கா? அந்தப் புது ஆளுக்கு நம்மளைத் தெரியுமா?"

"தினம் அவர்கிட்டதானேப்பா புகையிலை வாங்கினீங்க."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

கடற்கரைத் தெருவில் மட்டும் பீட்டர் ரிம்மர் என்று ஐந்து பேர். ஊரை எடுத்தால் பதினொன்று. பாதிரியாரிலிருந்து தபால்காரர் வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையும் கூப்பிடுவதில்லை. மேகி வீட்டுக்காரர் மணியாட்டி பீட்டர், மகனும் பீட்டர்தான். மூன்று தலைமுறையாகக் கோயில் மணிக்கயிறு அந்த வீட்டார் கையில். குதிகால் பீட்டர், தேன்கூட்டுப் பீட்டர் எல்லாம் தெருவின் அடுத்த கோடி. ஓட்டர் பட்டியலிலும் பட்டப்பெயர் உண்டு, கல்லறைக் கல்லிலும் உண்டு.

ஹெட்டியின் அப்பா குதிரைவிட்டான். பீட்டர் என்றுகூட யாரும் சேர்ப்பதில்லை, வெறும் குதிரைவிட்டான். அது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த பெயர். ஒரு பனி நாளில் வண்டியும் குதிரையும் புதைமணலில் இறங்கிவிட்டன. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் வாரை அறுத்து, தலைக்கயிறைப் பிடித்து இழுத்து, தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் விட்டுவிட்டு நடந்தார். கரையில் நின்றவர்களுக்குக் குதிரை கூப்பிட்டது கேட்டதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஹெட்டியைப் பார்த்துக் குதிரை போலக் கனைப்பார்கள். அவளைக் கேட்டு வந்த ஒருவனின் தாய், "அந்தக் குடும்பம் நடுவுல விட்டுட்டுப் போற குடும்பமாச்சே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கல்யாணம் நடக்கவில்லை.

அப்பாவுக்கு அந்தப் பெயரில் ஒரு வருத்தமும் கிடையாது. "எங்கப்பன் செஞ்சதாடி அது? செய்ய முடியாமப் போனது" என்பார்.

போன குளிர்காலத்தில் மான்செஸ்டரிலிருந்து குடும்பப் பெயர்களை ஆராய்கிற வாத்தியார் ஒருவர் வந்தார். நனைந்த சப்பாத்தோடு இதே மேசையில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டுவிட்டு, இங்கிலாந்தின் வரைபடம் ஒன்றை விரித்தார். ரிம்மர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தார். இந்தக் கரையில் மை கொட்டினது போல் கறுப்பு. லிவர்பூலில் கொஞ்சம் தூவல். அதைத் தாண்டினால் வெறும் காகிதம்தான், எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் தனிக்கணக்கு என்றார்.

"இதுல என் புள்ளி எதுங்க?" என்று அப்பா குனிந்து தேடினார்.

"தனியாத் தெரியாது, ஐயா. நெருக்கம் அப்படி."

"அது சரி. மணலோட மணலாக் கிடக்குறோம்."

பெயருக்கு என்ன பொருள் என்று ஹெட்டி கேட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுநூறு எழுநூறு வருடம் முன்னால், ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கட்டிச் சொல்கிறவனை அப்படித்தான் அழைத்தார்கள், செய்த தொழில் பெயராகி, பெயர் பிள்ளைகளுக்கு இறங்கி, பிள்ளைகள் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்றார்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாட்டா? இந்தத் தெருவுலயா? மணியாட்டி பாடினா கடல் ரெண்டு மைல் பின்னால போயிடும்."

ஹெட்டி சிரிக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் அந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டாள். இறால் உரிக்கும்போது சில நாள் அது நினைவுக்கு வரும். பாட்டுக்காரன் மகள்.

ஒன்பது நாளுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்தபோது, எழுத்தர் பெண் படிவத்தை அவள் பக்கம் திருப்பினாள். பீட்டர் ரிம்மர், கடற்கரைத் தெரு. அதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"அந்த ஊர்க்காரங்கன்னா பட்டப்பேரும் எழுதிக்குவோம். என்னன்னு சொல்லுங்க."

வரிசையில் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள், தொப்பி வைத்த டவுன் பெண்கள். ஹெட்டியின் கையில் இறால் வாடை.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ஹெட்டி.

ஒன்றரைக் கூடை முடிந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கையை வினிகர் விட்டுக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்து, பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூடிய கிண்ணத்தில் பால்கஞ்சியோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். டவுனிலிருந்து வந்த பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. மேகி இறங்கினாள். ஹெட்டியின் கோட்டில், ஹெட்டி போட்ட பொத்தான்களோடு.

"அக்கா! பையன் எப்படி இருக்கான்?"

மேகி தெருவைக் கடந்து வந்தாள். வண்டி எதுவும் வருகிறதா என்று பார்க்கவில்லை.

"பையனுக்கு ஒண்ணும் இல்லடீ. அவன் வேலையில இருக்கான்."

"கடவுளே. அப்புறம் ஏன்…"

மேகி அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அப்போது ஹெட்டிக்குத் தெரிந்துவிட்டது.

"உங்கப்பா போறப்ப பன்னெண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்துச்சு" என்றாள் மேகி.

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. நடத்துநர், அவனும் ஒரு ரிம்மர்தான், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மணிக்கயிற்றை இழுத்தான்.

வீட்டுக்கு வந்து மேகிதான் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"திரையை விலக்கிப் பாத்தா உங்கப்பா. சந்தோஷமா இருந்துச்சு, ஹெட்டி. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்துச்சு, பையன் இல்லேன்னு. அப்புறம்தான் உன்னைக் கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு. மறுபடி கடைக்குப் போன் போடச் சொன்னேன். மூணு தடவை போட்டாங்க. எடுக்கல. நானே ஓடி வர்றேன்னு எழுந்தேன். கையை விடல அவரு."

"பேசினாரா?"

கெட்டில் சூடேறி முனகத் தொடங்கியது.

"கண்ணு சரியாத் தெரியல அவருக்கு. கோட்டைத் தடவிப் பாத்துட்டு, ஹெட்டியான்னாரு." மேகி கெட்டிலை இறக்கினாள். "ஆமாப்பான்னேன். வேற என்னடீ சொல்றது? அப்புறம் அமைதியாயிட்டாரு. நான் செஞ்சது தப்புன்னா திட்டிடு."

ஹெட்டி எதிரே இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேகியின் பக்கம் தள்ளினாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கடைக்காரர் கேட்டர்மோல், தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நார்விச் பக்கத்து ஆள். கடையை வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

"வாங்க, மகராசா" என்றாள் மேகி. "வாசல்லயே நில்லுங்க. உள்ள வந்து இன்னும் யாரையாவது சாகடிச்சுடாதீங்க."

"மேகியம்மா, நான் வேணும்னு செய்யல."

"மூணு தடவை போன் அடிச்சுதே, எங்க போயிருந்தீங்க?"

"உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லணும்னு கடையைப் பூட்டிட்டுக் கரைக்குப் போனேன். அவர் திரும்புற வரைக்கும் அங்கேயே நின்னேன். ரெண்டு மணி நேரம், மழையில." அவர் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது உண்மைதான்.

மேகி வாயை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடி திறந்தாள். "பீட்டர் ரிம்மர்னு சொன்னா எந்தப் பீட்டர் ரிம்மர்னு கேக்க வேண்டாமாய்யா? இந்த ஊர்ல நாயைக் கல்லால அடிச்சா அந்தக் கல்லு ஒரு ரிம்மர் மேலதான் விழும்."

"எங்க பக்கம் ஒரு பேருக்கு ஒரு வீடுதாங்க. எனக்குத் தெரிஞ்ச பீட்டர் ரிம்மர் உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். பையனுக்கும் அதே பேருன்னு தெரியும், அவர் மணல்ல இருக்காரே, அப்ப பையன்தான்னு நெனச்சு உங்ககிட்ட ஓடி வந்தேன்." அவர் ஹெட்டியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "கேட்டேங்க. எந்தப் பீட்டர்னு நான் கேட்டேன். பட்டப்பேர் போடுற எடம் காலியா இருக்குன்னு போன்ல பேசின ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னா. குதிரைவிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரா இங்கதான் வந்திருப்பேன். பெரியவரை எனக்கு அந்தப் பேர்லதானே தெரியும். அவரே அப்படிச் சொல்லித்தான் கை குடுத்தாரு."

தெருவில் யாரோ வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

மேகி ஹெட்டியைப் பார்த்தாள். ஒரே பார்வை. பிறகு சட்டென்று எழுந்து கதவருகே போனாள்.

"சரி, ஆஸ்பத்திரிக்காரங்க எழுதாம விட்டிருப்பாங்க. நீங்க போங்க. போய்த் துணியை மாத்துங்க முதல்ல, அடுத்தது நீங்க படுத்துடப் போறீங்க."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு மேகி மேசைக்கு வந்தாள். ஹெட்டி பேச வாயெடுத்தாள். "அக்கா, அந்தப் படிவத்துல…"

"வேன் எத்தனை மணிக்கு?" என்றாள் மேகி.

"நாலு."

"அரைக்கூடை இருக்கு."

மேகி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இறால் குவியலைக் கையால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை ஹெட்டியின் முன்னால் தள்ளிவிட்டு, மறுபாதியின் முன் தான் உட்கார்ந்தாள். இருவரும் உரித்தார்கள். சவப்பெட்டி செய்கிற தச்சர் வந்தார். அளவு ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெட்டித் தகட்டில் பெயர் எப்படிப் போடவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். பாதிரியார் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஹெட்டியின் விரல்கள் தலையைப் பிடித்தன, வாலைத் திருகின. ஓட்டின் முனை நகக்கண்ணில் ஏறியபோது பார்த்தாள், எடுக்கவில்லை.

மூன்றரை மணிக்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. மழையால் வேலையைச் சீக்கிரம் நிறுத்தியிருப்பார்கள். மேகியின் கை நின்றது. கையிலிருந்த இறாலை உரிக்காமல் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

சன்னலில் ஹெட்டிக்கு இருவரும் தெரிந்தார்கள். இருபது வயதுப் பையன், கால்சட்டையெல்லாம் சுண்ணாம்பு. மேகி அவன் முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் அவன். அவள் விடவில்லை. அவன் சைக்கிளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், தாய்க்காக நின்றான்.

ஹெட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேகி விட்டுப்போன குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.