நாற்பத்தோராம் பதிவு

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டரைச் சோமசேகரத்தார் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடைமாடியில் வைத்துச் சாதகப் பொருத்தம் பார்த்துவந்தார். அதற்கு நிரல் எழுதியவள் கமலாவதி. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்யும் கதிரவேலுவின் மகள்.

அவளுக்கு எட்டாமிடத்தில் செவ்வாய், செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தங்களெல்லாம் படலை வாசலோடு திரும்பிப் போயின. அவளுக்கு அதில் கவலையில்லை. செவ்வாய் காவல் நின்றபடியால்தான் படிக்கவும் வேலைக்கு வரவும் முடிந்தது.

போன மாதம் அந்தக் காவல் போய்விட்டது. கொம்பியூட்டர் அவளுடைய செவ்வாயை ஒன்பதாமிடத்தில் காட்டி, குற்றமில்லை, லண்டன் மாப்பிள்ளை செல்வநாயகத்துக்குப் பொருத்தம் என்று அடித்துக் கொடுத்தது.

"பழைய குறிப்பு வாக்கிய பஞ்சாங்கம். இது திருக்கணிதம். கிரகம் ஒரு வீடு தள்ளி நிக்கும்தானே," என்றார் சோமசேகரத்தார். எல்லோரும் நம்பினார்கள், அவளும்தான். தனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு பேச்சே இல்லை.

புதன்கிழமை காலை உடுப்பிட்டி இரத்தினம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"பிள்ளை, என்ரை மகள் மீனாம்பிகையின்ரை பிறந்த நேரத்தைத் திருத்தித் தந்தனானெல்லோ? இன்னும் பழைய குறிப்புத்தான் வருது. உங்கடை மெசினுக்குக் காது கேக்காதோ?"

திருத்தம் போட்டது கமலாவதிக்கு நல்ல நினைவு. மீனாம்பிகையின் கிரகநிலை நாற்பதாம் பதிவில் இருந்தது. அது மாறவேயில்லை. அப்படியானால் திருத்தியது எங்கே போனது? அடுத்த பதிவைத் திறந்தாள். அங்கே இருந்தது. நாற்பத்தொன்று கமலாவதியின் சொந்தப் பதிவு.

இரத்தினம்மாவை மத்தியானம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, நிரலை வரிவரியாகப் பார்த்தாள். பிழை பிடிபட்டதும், பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது.

நகைக்கடைக்கு அவளைக் கூட்டிப்போகக் கதிரவேலு வந்தபோது, அவரை இருத்தி வைத்துச் சொன்னாள்.

"ஐயா, டைப்ரைட்டரிலை ஒரு எழுத்து அடிச்சா, அடுத்த இடத்துக்குத் தானா நகருதெல்லோ? கோப்பும் அப்பிடித்தான். நாற்பதை வாசிச்சு முடிச்சா, இடம் நாற்பத்தொண்டின்ரை வாசலிலை போய் நிக்கும். எழுதமுதல் திரும்ப நாற்பதுக்குக் கொண்டுவரவேணும். நான் கொண்டுவரேல்லை. நாற்பதிலை இருந்த உடுப்பிட்டிப் பிள்ளையின்ரை சாதகம் என்ரைக்கு மேலை விழுந்திட்டுது."

"அப்ப உன்ரை செவ்வாய்?"

பிறந்த நேரத்தைக் கொடுத்துத் திரும்பக் கணிக்கவிட்டாள். திருக்கணிதத்திலும் எட்டுத்தான்.

கதிரவேலு சால்வையால் முகத்தைத் துடைத்தார். "பொய்ச் சாதகத்திலை தாலி ஏறக்கூடாது, மோனை. நிப்பாட்டுவம்."

அவள் நெஞ்சுக்குள் காற்று வந்தது. அந்த உற்சாகத்தில் விளக்கத்தை நிறுத்த முடியவில்லை.

"நான் திருத்தின ஒவ்வொரு பதிவுக்கும் அடுத்தது பழுதாய்த்தான் இருக்கும், ஐயா. எல்லாத்தையும் திரும்பக் கணிக்கவேணும்."

எழும்பப் போனவர் மறுபடி இருந்தார். "அப்ப அந்தப் பொடியன்ரை?"

அவள் அதை யோசிக்கவில்லை. செல்வநாயகத்தின் பதிவு எண்பத்தாறு. எண்பத்தைந்தையும் அவள்தான் திருத்தியிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் தந்த பிறந்த நேரத்தைக் கொடுத்து, விசையை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"எங்கை நிக்குது?"

அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. குற்றமில்லாத பதினொன்று என்று சொல்லலாம். சொன்னால் பொருத்தம் இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை, லண்டன் இல்லை. ஆனால் இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்த ஒன்றைத் தெரிந்துகொண்டே தள்ளிவைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"ஏழு."

"ஏழிலை செவ்வாயோ!" கதிரவேலு தொடையில் தட்டிச் சிரித்தார். "அவையளும் எங்களைப் போலை, குற்றம் கழிஞ்சுதெண்டு இருந்திருப்பினம். செவ்வாய்க்குச் செவ்வாய்! உதுக்கு மேலை என்ன பொருத்தம்?"

"ஐயா, எனக்கு..."

"கடைக்காரன் காத்திருக்கிறான். கெதியா வா."

படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. இரத்தினம்மா மத்தியானம் வருவாள். கமலாவதி விட்டுப்போன அந்த ஒரு வரியை நிரலில் சேர்த்து, மீனாம்பிகையின் திருத்தத்தை மறுபடி எழுதினாள். அது நாற்பதிலேயே விழுந்தது. நாற்பத்தொன்று அசையவில்லை.

"பிள்ளை!" என்று கதிரவேலு கீழேயிருந்து கூப்பிட்டார்.

"ஓம், வாறன்."