நாற்பது விநாடிச் சத்தம்

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். அதிலிருந்து சத்தத்தை நீக்கியதும் நான்தான். இரண்டில் எது தப்பு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நாற்பது விநாடிப் படம். கன்று போட்டு மூன்று நாளான பசு ஒன்று, பால் பண்ணையின் சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. எழ முடியவில்லை. ஒரு கை வந்து அதன் பின்னங்காலில் சங்கிலியை மாட்டுகிறது. மறுமுனை டிராக்டரில் இருக்கிறது. டிராக்டர் நகர, பசு தரையில் தேய்ந்துகொண்டே லாரிப் பக்கம் போகிறது. யார் முகமும் தெரியாது. கை மட்டும் தெரியும். ரப்பர் உறை போட்ட இடது கை. கட்டைவிரலில் பச்சை டேப் சுற்றியிருக்கும்.

அது என் அம்மாவின் கை. உறை கிழிந்து மூன்று மாதமாக வேறு கேட்டுப் பார்த்தாள். கொடுக்கவில்லை. டேப்பைச் சுற்றிக்கொண்டாள்.

அம்மா அந்தப் பண்ணையில் இருபத்தோரு வருடமாக மாடு பார்க்கிறாள். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, வேதியியல் படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நான் போய்ச் சேர்ந்ததும் அதே பண்ணைதான். பால் சோதனை அறை. அம்மாவுக்கு ரப்பர் பூட்ஸ், எனக்கு வெள்ளைக் கோட்டு. முன்னேற்றம் என்றால் அவ்வளவுதான்.

எழ முடியாத மாட்டை லாரியில் ஏற்றக் கூடாது என்பது விதி. மருத்துவரைக் கூப்பிட்டு, கிடக்கிற இடத்திலேயே ஊசி போட்டு முடிக்க வேண்டும். ஊசி போட்டால் கறிக்கு ஆகாது. அதனால் எங்கள் பண்ணையில் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை. இழுத்துத்தான் ஏற்றுவார்கள். இது அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வெளியே ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. தணிக்கைக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

அன்று சோதனைக்குப் பால் மாதிரி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். கையில் பால் குப்பிகள் அடுக்கிய தட்டு. கோட்டின் மேல் பையில், கேமரா வெளியே தெரிகிற மாதிரி போனைச் செருகி வைத்திருந்தேன். கிடந்தது நானூற்றுப் பன்னிரண்டாம் எண் மாடு. அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறி. நல்லா இருக்கும்போதே கடைசியாகத்தான் எழும். தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அசையாமல் நின்று எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. முகம் இல்லை, குரல் இருக்கிறது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்து சத்தத்தை மொத்தமாக நீக்கிவிட்டு, விலங்கு நல அமைப்பு ஒன்றுக்கு அனுப்பினேன். என் பெயர் வராது என்றார்கள். வரவில்லைதான்.

இரண்டே நாளில் ஊரெல்லாம் அந்தக் கைதான். அந்தக் கையை வெட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருத்தி கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டைத் தின்றவள். முதலாளி தொலைக்காட்சியில் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பால்வடியும் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, எங்கள் மாடுகள் எங்கள் பிள்ளைகள், ஒரு தொழிலாளி தன்னிச்சையாகச் செய்த கொடுமை இது என்றார். பச்சை டேப்பைப் பண்ணையில் யாருக்குத் தெரியாது? அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அனுமதி இல்லாமல் பண்ணைக்குள் படம் எடுத்தால் இரண்டு வருடம் சிறை என்று ஒரு சட்டம் வரப்போகிறதாம். அதற்கு நகரக் கூடத்தில் கருத்துக் கேட்பு. அங்கே நான் ஒரு தாளைப் படிக்க வேண்டும். ஒளிந்திருந்து படம் எடுக்கிறவர்களால் நாசமாவது உழைக்கிறவர்கள்தான், என் அம்மாவே சாட்சி என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா எடுபடும்" என்றார். "படிச்சிட்டு வா, மறுநாளே உங்கம்மாவ வேலைக்கு வரச் சொல்றேன்."

எடுத்தது யாரென்று அவருக்குத் தெரியாது; கொட்டகையில் குப்பித் தட்டோடு நிற்கிறவளை அவர் என்றைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. என்னை உறுத்தியது அது இல்லை. அந்தத் தாளில் பாதி உண்மை இருந்தது. அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாதபோதும் தினம் கழுவினாள். தாளை வாசித்துக் காட்டினேன். முடிகிறவரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சத்தம் எங்கடி?" என்றாள்.

தாளை மடித்தேன்.

"படம் எடுத்த பக்கத்துல அன்னைக்கு நின்னது நீ ஒருத்திதான். படத்தப் பாத்தவுடனே தெரியும். நீயா சொல்வேன்னு இருந்தேன். சத்தம் எங்க?"

"உன் குரல் இருந்துச்சும்மா. மாட்டிக்கக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

அம்மா பூட்ஸைக் கவிழ்த்து வைத்தாள். "என் வாய அடைச்சிட்டு என் கைய மட்டும் ஊருக்குக் காட்டுனியா? அந்த முதலாளி வாயும் அதோடதான போச்சு? பட்டம் வாங்குனவ பண்ற வேலையா இது?"

கல்லூரியில் எந்தத் தேர்விலும் நான் இவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லை. முழுப் படமும் போனில் இருக்கிறது என்றேன். ஆனால் அதைப் போட்டால் சங்கிலி மாட்டியது அவள்தான் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிடும், அந்த வேலை இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்றும் சொன்னேன்.

"மாட்டுனது நான்தானே" என்றாள் அம்மா. "சத்தத்தோட போடு."

கூடத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். முன்வரிசையில் முதலாளியும் வக்கீலும். மூன்றாவது வரிசையில் அம்மா, மடியில் பையோடு. பேசுகிறவர்கள் நிற்கும் மேசைக்கு ஒரு கால் குட்டை. சாய்ந்தால் மைக்கோடு சேர்ந்து ஆடியது. தாளைப் பிரித்து முதல் வரியைப் படித்தேன். முதலாளி தலையாட்டினார். அதற்கு மேல் படிக்கவில்லை.

"இந்தப் படத்த எடுத்தது நான்தான்" என்றேன்.

வக்கீல் எழுந்துவிட்டார். என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா, இது குற்றம் என்றார்.

"சட்டம் இன்னும் வரலியே சார். வந்துட்டா பேச முடியாதுன்னுதான் அவசரமா வந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை மைக்கில் வைத்து அழுத்தினேன். கூடம் முழுக்க டிராக்டர் உறுமியது. அதற்கு மேலே அம்மாவின் குரல்.

"எந்திரிக்க மாட்டா ஐயா. டாக்டரக் கூப்பிடுங்க."

பிறகு எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தொலைக்காட்சிக் குரல். "டாக்டர் வந்தா கறி போச்சு. கால்ல சங்கிலியப் போடு. உன்னால முடியலன்னா நாளையிலேர்ந்து வராத."

சங்கிலிச் சத்தம். கடைசியில், எனக்கே சரியாகக் கேட்டிராத அம்மாவின் சின்னக் குரல்: "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கடி சோம்பேறி. அஞ்சே நிமிஷம்."

பசு கத்தியது. அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

நடுவிலேயே வக்கீல் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். கூட்டத்தின் தலைவராக இருந்த பெண்மணி அவரைக் கையமர்த்தியபடி முழுவதையும் கேட்டார். பால்வடியும் முகம் திரிந்துபோயிருந்தது.

எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. "மறைஞ்சிருந்து எடுத்தது தப்புங்கிறாங்க. கேட்டுட்டு எடுத்திருந்தா அன்னைக்கு அந்த மாடு அங்க இருந்திருக்காது, முந்தின நாளே மறைச்சிருப்பாங்க. எங்கம்மா இருபத்தோரு வருஷமா இதக் கண்ணால பாக்கிறாங்க. பாக்கறதுக்கு அனுமதி இருக்கு, காட்டறதுக்குத்தான் இல்லையா? நான் செஞ்ச தப்பு ஒண்ணு உண்டு. பாதியக் காட்டினேன். இந்தச் சட்டம் வந்தா அந்தப் பாதியும் கிடையாது. ஜெயிலுன்னா என்னை முதல்ல போடுங்க."

அந்தப் பெண் குரல் யாருடையது, இங்கே இருக்கிறாரா என்று தலைவர் கேட்டார்.

மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது. பையிலிருந்து உறையை எடுத்து மாட்டியிருந்தாள். பச்சை டேப் அங்கிருந்தே தெரிந்தது. ஒரு வாரமாக அந்தக் கையை வெட்டச் சொன்ன ஊர், முதல்முறையாக அதற்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தது.

"என்ன வேலை செய்றீங்க?"

"மாடு பாக்கறேன். போன வாரம் வரைக்கும்."

"பேசணுமா?"

"நாப்பது விநாடிதான கேட்டீங்க. மிச்ச இருபத்தோரு வருஷத்த யார் சொல்றது?"

அம்மா மேசையை நோக்கி நடந்து வந்தாள். வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை நாலாக மடித்து, இன்னும் ஒரு மடி மடித்து, குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினேன். அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.